மொட்டை மாடிச் சூட்டுக்குப் பழைய தெர்மாகோல் காங்கிரீட்: போடும் முறை

நான் வேலூர்ப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சின்ன காண்ட்ராக்டர். சிவில் டிப்ளமா படித்துவிட்டு, பிறகு கொத்தனார்களிடம் நின்று தொழில் கற்றவன். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். 5 அங்குல ஆர்.சி.சி. தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, ராத்திரி அதைப் படுக்கையறைக்குள் இறக்கும். இன்னொரு பக்கம், டி.வி., ஃபிரிட்ஜ் கடைகளுக்குப் பின்னால் தெர்மாகோல் மலையாகக் கிடக்கிறது. பாதியைக் கொளுத்துகிறார்கள், பாதி பாலாற்று மணலில் போய்ச் சேருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது சூட்டைத் தடுக்கிற காங்கிரீட், பாரம் தாங்குகிற காங்கிரீட் இல்லை. சாதாரண காங்கிரீட் ஒரு கன மீட்டர் 2400 கிலோ. நாம் போடப்போவது 400 கிலோவை ஒட்டி இருக்கும். அதில் தூண், பீம், தளம், படி எதுவும் போடக் கூடாது. தளத்துக்கு மேலே வாட்டம் (மழைநீர் வடியும் சரிவு) கொடுக்க நாம் வழக்கமாகப் போடும் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக்குப் பதிலாக இதைப் போடுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூட்டைத் தடுப்பது மட்டும்தான் கணக்கு என்றால், கடையில் வாங்கும் 1 அங்குலத் தெர்மாகோல் பலகையே இந்தக் காங்கிரீட்டின் 3 அங்குலத்துக்கு ஈடு. அப்புறம் எதற்கு இது? பலகையை அப்படியே போட்டால் மூட்டு மூட்டாக இடைவெளி விழும், மேலே ஆள் நடந்தால் அமுங்கும், வாட்டத்துக்கு மறுபடி தனிக் கலவை போட வேண்டும். இதில் வாட்டம், சூட்டுத் தடுப்பு, மேல்பூச்சுக்கான அடித்தளம் மூன்றும் ஒரே வேலையில் முடிகிறது. குப்பையும் வீட்டுக்குப் பயனாகிறது. உலர்ந்த நிலையில் 3 அங்குலம் இருந்தால், 5 அங்குல ஆர்.சி.சி. தளம் சூட்டை எவ்வளவு மறிக்குமோ அதைப் போல எட்டு மடங்கு மறிக்கும்.

கையில் பணம் மிகக் குறைவாக இருக்கிறவர்கள் முதலில் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதுதான் மலிவான வழி. அதற்கு மேல் செலவு செய்ய முடியும் என்றால் இதற்கு வாருங்கள்.

எந்தத் தெர்மாகோல்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் கப்புகளுக்குத் தடை இருக்கிறது. அலங்காரத் தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். ஆனால் பொருளைச் சுற்றி வரும் தெர்மாகோல் நிற்கவில்லை. நமக்கு வேண்டியது அதுதான். தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கடைக்காரரிடம் கேட்டால், இடம் காலியானால் போதும் என்று அள்ளிக் கொடுப்பார்.

எடுப்பதற்கு முன் ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் அது சரியான சரக்கு. வெள்ளையாக இருந்தும் ஒடியாமல் ரப்பர் போல் வளைந்தால் அது வேறு பிளாஸ்டிக். சிமெண்ட் அதில் ஒட்டுவது கஷ்டம், அழுத்தினால் திரும்ப எழும்பும். மஞ்சள் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்கும். சாப்பாட்டுத் தட்டு உருண்டையாக உதிராமல் செதில் செதிலாக வரும், எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். இந்த மூன்றும் வேண்டாம்.

மீன் பெட்டியை எடுக்கலாம். ஆனால் உப்பும் கொழுப்பும் போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். கொழுப்பு இருந்தால் சிமெண்ட் பிடிக்காது. உப்பு இருந்தால் மேல்பூச்சில் நாம் வைக்கும் கம்பி வலை துருப்பிடிக்கும். பழைய கட்டடம், குளிர்பதனக் கிடங்கு இடிக்கும்போது வரும் தெர்மாகோல் பலகையைத் தொடாதீர்கள். கட்டட வேலைக்கென்று செய்த பழைய பலகைகளில் தீ பற்றாமலிருக்க எச்.பி.சி.டி. என்ற ரசாயனத்தைச் சேர்த்திருப்பார்கள். உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு என்று 2013-இல், நச்சு ரசாயனங்களை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 10 கிலோ தெர்மாகோல் இருந்தாலே போதும். எடை என்னவோ 10 கிலோதான், ஏற்றி வரக் குட்டியானை வண்டி வேண்டும். அடுக்கி வைக்கும் இடத்தில் வெல்டிங் பொறி, பீடிக் கங்கு எதுவும் அண்டக் கூடாது. பற்றிக்கொண்டால் கரும்புகையோடு உருகி ஒழுகும், அணைப்பது லேசு இல்லை.

உடைப்பது

3 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை உள்ள மணி நமக்கு வேண்டும். முக்கால் அங்குலத் துண்டு நடுவில் கிடந்தால் அந்த இடம் காலால் மிதித்தாலே உள்ளே போகும். மாவாக அரைத்துவிட்டாலும் தப்பு. அந்தப் பொடி சிமெண்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும், எடையும் ஏறும், பலமும் வராது.

கொஞ்சமாக வேண்டுமென்றால் மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து, அதன் மேல் தெர்மாகோலைத் தேய்த்தால் போதும். நிறைய வேண்டுமென்றால் ஒரு பழைய டிரம்முக்குள் தண்டு கொடுத்து, தண்டு முழுக்கத் திருகாணிகளை முள் போல் நிறுத்தி, அரைக் குதிரைத்திறன் மோட்டாரில் ஓட்டலாம். லேத் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். டிரம்மின் வாய்க்கு மூடி அவசியம் வேண்டும். சூட்டுக் கம்பியால் அறுக்கவே அறுக்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. உடைக்கும்போது முகக் கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் நான் ரொம்பக் கறாராக இருக்கும் இடம் இதுதான்: உடைப்பது மூடிய அறைக்குள் மட்டும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தெர்மாகோல் மணிக்கு அந்தக் காற்றுகூட வேண்டாம், சீலிங் ஃபேன் போதும். குப்பையைக் காப்பாற்றுகிறேன் என்று ஆரம்பித்து, முழுசாகக் கிடந்ததைப் பொடியாக்கி ஊர்ச் சாக்கடையில் விடுவது பெரிய பாவம். பெரிய துண்டைக் கையால் பொறுக்கலாம், மணியைப் பொறுக்க முடியாது. உடைத்ததை உடனே சாக்கில் கட்டி, வாயைத் தைத்து வையுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பறக்கிற குணமும் அடங்கும்.

அளவு

கொத்தனார்களிடம் இருக்கும் ஒன்றேகால் கன அடிப் பெட்டியே போதும். மாடிக்கு நான் போடும் அளவு இது: சிமெண்ட் 1 மூட்டை, உடைத்த தெர்மாகோல் 5 பெட்டி, தண்ணீர் 20 முதல் 22 லிட்டர். மணல் கிடையாது. தட்டி முடித்தபின் ஏறக்குறைய ஐந்தரை கன அடி கிடைக்கும். காய்ந்த பிறகு ஒரு கன அடி 11 கிலோ இருக்கும். செங்கல் ஜல்லிக் கலவை ஒரு கன அடி 50 கிலோவுக்கு மேல்.

ஒரு சதுரத்துக்குச் சராசரி 3 அங்குலம் என்றால் 25 கன அடி. சேதாரத்தோடு 5 மூட்டை சிமெண்ட், 25 பெட்டி தெர்மாகோல். தளத்தின் மேல் ஏறும் பாரம் 275 கிலோ. இதே கனத்துக்குச் செங்கல் ஜல்லி போட்டால் 1250 கிலோ ஏறும். பழைய வீட்டில், தளம் எவ்வளவு தாங்கும் என்று தெரியாத இடத்தில், இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பாத்ரூம் பள்ளத்தை நிரப்ப, தடுப்புச் சுவருக்குக் கல் அறுக்க என்றால் கொஞ்சம் கெட்டியாக வேண்டும். அதற்கு 1 மூட்டை சிமெண்ட், 1 பெட்டி எம்-சாண்ட், 4 பெட்டி தெர்மாகோல். கன மீட்டருக்கு 800 கிலோ வரும். பலம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2, 3 நியூட்டன். மணல் இல்லாத கலவை 1 நியூட்டனைத் தொட்டாலே நல்ல வேலை. மணல் சேர்க்கச் சேர்க்க பலம் ஏறும், சூட்டைத் தடுக்கும் குணம் இறங்கும். மாடிக்குப் பலமாக இருக்கட்டும் என்று மணலை அள்ளிப் போட்டால் வந்த காரியம் கெட்டுவிடும்.

சிமெண்டில், மூட்டையில் பி.பி.சி. என்று போட்ட வகையே நல்லது. அதில் நிலக்கரிச் சாம்பல் இருப்பதால் குழைவாக வந்து மணியில் ஒட்டும். சாம்பல் கலக்காத ஓ.பி.சி. வகை வாங்கினால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்த நல்ல நிலக்கரிச் சாம்பலை (ஃபிளை ஆஷ்) மாற்றிக்கொள்ளலாம். பி.பி.சி.யில் மறுபடி சாம்பல் சேர்க்க வேண்டாம்.

கலப்பது

இந்தக் காங்கிரீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், கலவையில் முடியாது. தெர்மாகோல் மணி தண்ணீரை அண்ட விடாது, மிதக்கும், மிஷின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிமெண்ட், தண்ணீர், மணி மூன்றையும் ஒன்றாகக் கொட்டிச் சுற்றினால் கீழே சிமெண்ட் பாலும் மேலே வெள்ளை மணியுமாகப் பிரிந்து நிற்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் தெர்மாகோலை மட்டும் மிஷினில் போடுங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதில் மூட்டைக்கு அரை லிட்டர் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (சிமெண்டை ஒட்ட வைக்கும் ரப்பர் பால்) கரைத்து ஊற்றிச் சுற்ற விடுங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பயன்படுத்த வேண்டாம், ஈரம் பட்டால் அது மறுபடி இளகிவிடும். எல்லா மணியும் நனைந்ததும் பாதி சிமெண்டைத் தூவினாற்போல் போடுங்கள். இப்போது ஒவ்வொரு மணியும் சிமெண்டைப் பூசிக்கொண்டு சாம்பல் நிறமாகும். அந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு நிமிடம் மிஷினை நிறுத்திவிடுங்கள். பூச்சு கொஞ்சம் பிடிக்கட்டும். அப்புறம் மீதி சிமெண்ட், மீதித் தண்ணீர், மணல் உண்டென்றால் கடைசியில் மணல். சாய்த்துச் சுற்றும் டிரம் மிஷினாக இருந்தால் வாயை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். சின்ன வேலைக்குத் தகரத்தின் மேல் மண்வெட்டியால் புரட்டினாலும் போதும்.

எங்கள் குழுவில் கலவை போடும் அக்கா, ஒரு பிடி அள்ளி ஒரு மணியை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்ப்பார். சாம்பல் பூச்சு மணியோடு சேர்ந்து உருண்டால் சரி. வழுக்கிக்கொண்டு வெள்ளை தெரிந்தால், "மேஸ்திரி, இன்னும் வெள்ள தெரியுது, கொட்டாதீங்க" என்று குரல் வரும். அவர் சரி என்று சொல்லாத கலவையை நான் மாடிக்கு ஏற்றுவதில்லை.

பதம்: கையில் அழுத்திப் பிடித்தால் விரல் தடத்தோடு உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் பால் வடியக் கூடாது. சட்டியில் போட்டுப் பக்கத்தில் நாலு தட்டு தட்டுங்கள். மணி மேலே ஏறி வந்தால் தண்ணீர் அதிகம்.

மாடியில் இறக்கும் முன் கட்டாயம் ஒரு கட்டி போட்டுப் பாருங்கள். 6 அங்குலம் கனசதுரமாக ஒரு பலகைப் பெட்டி போதும். ஒரு வாரம் ஈரத்தில் வைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டு நிறுத்தால் மணலில்லாக் கலவை 1.4 கிலோவை ஒட்டி வர வேண்டும். மணல் கலவை என்றால் 2.7 கிலோ. பிறகு சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகத்தில் மணிகளும் சேர்ந்து பிய்ந்திருந்தால் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது. மணிகள் முழுசாகக் கழன்று வந்து, அவை இருந்த இடம் வழவழவென்று குழியாகத் தெரிந்தால் ஒட்டவில்லை. மணியைக் கழுவியது போதவில்லை, அல்லது முதலில் நனைத்தது போதவில்லை.

மாடியில் போடுவது

தையிலிருந்து சித்திரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் சூட்டைத் தடுக்கும் குணம் பாதியாகக் குறையும்.

தளத்தைச் சுரண்டிக் கழுவி, விரிசல் இருந்தால் அடைத்து, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஒழுகல் பாருங்கள். ஒழுகுகிற தளத்தின் மேல் இதைப் போட்டால் பிறகு எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதன்மேல் சிமெண்டோடு கலக்கும் அக்ரிலிக் வகை நீர்த்தடுப்பைப் பூசுங்கள். தார் கரைசல், தின்னர் கலந்த பிரைமர், சூட்டுத் தார், தீயில் வாட்டி ஒட்டும் ஷீட் இவை எதுவும் இந்தக் காங்கிரீட்டின் மேலே படக் கூடாது. பெட்ரோல், தின்னர் பட்டால் தெர்மாகோல் கரைந்து காணாமல் போகும். சூட்டில் 100 டிகிரியை ஒட்டி இளகிவிடும்.

மழைநீர்க் குழாய் வாயில் குறைந்தது 2 அங்குலம் இருக்கும்படி மட்டம் பிடித்து, அங்கிருந்து 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் ஏற்றுங்கள். தளத்தை ஈரமாக்கி, சிமெண்ட் பால் தேய்த்து, அது காயும் முன் கலவையைக் கொட்டுங்கள். 3 அங்குலம் வேண்டுமென்றால் மூன்றரை அங்குலம் கொட்டி, பலகையால் மெதுவாகத் தட்டி இறக்கவும். வைப்ரேட்டர் விடக் கூடாது, மணியெல்லாம் மேலே வந்துவிடும். மட்டப்பலகையால் இழுத்து விட்டாலே போதும். மேலே சொரசொரப்பாக இருந்தால்தான் பூச்சு பிடிக்கும், மணியாசுக்கட்டையால் தேய்த்து வழவழப்பாக்காதீர்கள்.

சிமெண்ட் பூச்சு மணியைச் சுற்றி மெல்லிசாக இருப்பதால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்து பொடியாக உதிரும். மாலையிலேயே ஈரச் சாக்கு போட்டு, மேலே பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஏழு நாள் மூடி வையுங்கள். சாதாரணத் தளத்துக்குச் செய்வது போல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டாம், துளை வழியாக உள்ளே இறங்கித் தேங்கும். ஏழு நாள் கழித்து ஷீட்டை எடுத்து, ஒரு வாரம் வெயிலில் காயட்டும். அந்த நாட்களில் ஆள் நடக்க வேண்டுமென்றால் பலகை போட்டு நடக்கட்டும்.

அப்புறம் மேல்பூச்சு. சீக்கிரம் துருப்பிடிக்காதபடி முலாம் போட்ட கோழிவலையை விரித்து, லேசாக ஈரம் தெளித்து, சிமெண்ட் 1-க்கு மணல் 3 கலவையை 1 அங்குலக் கனத்தில் போட்டு, ஐந்தாறு அடிக்கு ஒரு கோடு கீறிவிடுங்கள். இந்தப் பூச்சு காலடிக்கும் தீக்கும் மழைக்கும் கவசம். இதற்கு வழக்கம் போல் தண்ணீர் விட்டு ஆற்றலாம். காய்ந்த பின் கோடுகளை அடைத்து, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டலாம், இல்லை வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை உருட்டிப் பூச மறக்காதீர்கள், தண்ணீர் நுழைவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

கீறினாலோ இடித்தாலோ மணி வெளியே வரும் என்பதால், ஐந்தாறு வருடத்தில் மேலே இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் இதைப் போட வேண்டாம். அவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் மேலே ஒரு கீற்றுப் பந்தலுமே சரி. எடுத்து உடைக்க வேண்டிய அவசியம் இல்லாத மாடிக்குத்தான் இது பொருந்தும்.

போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: தண்ணீர் டேங்க் எங்கே வரும், சோலார் பலகை எங்கே வரும், துணி காயப்போடும் கம்பம் எங்கே நிற்கும்? அந்த இடங்களில் ஆர்.சி.சி. தளத்தைத் தொட்டபடி சாதாரண காங்கிரீட்டில் பீடம் போட்டு, அதைச் சுற்றித்தான் தெர்மாகோல் கலவை வர வேண்டும். பின்னால் வருகிறவர் மேல்பூச்சில் துளை போட்டு போல்ட் அடித்தால், அது தெர்மாகோலில்தான் நிற்கும். காற்றடிக்கும்போது பலகையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பீடத்தின் இடங்களைச் சின்னப் படமாக வரைந்து, மாடிப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.